பெயரை மறைத்தபோது மாறியது எது? ஹபிள் தொலைநோக்கி நேர ஒதுக்கீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பூமியை ஒருமுறை வலம்வர ஏறக்குறைய 95 நிமிடம் ஆகிறது. உலகெங்கும் உள்ள வானியலாளர்கள் கேட்டு நிற்பது இந்த வலங்களைத்தான். எட்டு வலம் வேண்டும், நாற்பது வலம் வேண்டும் என்று முன்மொழிவு எழுதி அனுப்புவார்கள். கேட்கப்படும் நேரம் இருக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் பெரும்பாலான முன்மொழிவுகள் திரும்பிவிடும். நேரம் கிடைத்தவருக்குத் தரவு கிடைக்கும், தரவிலிருந்து கட்டுரை வரும், கட்டுரையிலிருந்து அடுத்த வேலை. ஒரு வானியலாளரின் வாழ்க்கைப் பாதையை மாற்றக்கூடிய வாசல் இது.

அந்த வாசலில் ஆண்கள் தலைமை தாங்கிய முன்மொழிவுகள் பெண்கள் தலைமை தாங்கியவற்றைவிட ஆண்டுக்கு ஆண்டு சற்று அதிகமாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. இது கண்டுபிடிக்கப்பட்டது எப்படி, சரிசெய்ய முயன்றபோது முதலில் தோற்றது ஏன், 2018இல் வந்த முறை எப்படி இயங்குகிறது, அதன் கை எட்டாத இடங்கள் எவை என்பதே இந்த ஆய்வு. ஆராய்ச்சி நிதி, ஆய்வக நேரம், பயண உதவி, ஆய்வுப் பணியிடம் என எதை ஒதுக்கும் குழுவுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

பதினொரு சுற்றுகள், ஒரே திசை

ஹபிளின் அறிவியல் பணிகளை நடத்துவது பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒவ்வொரு தேர்வுச் சுற்றுக்கும் வெளியிலிருந்து வானியலாளர்களை அழைத்து, துறைவாரியாகக் குழு அமைத்து, முன்மொழிவுகளுக்கு மதிப்பெண் இடச் சொல்வார்கள். முதற்கட்ட மதிப்பெண்ணில் அடியில் இருப்பவை விவாதத்துக்கே வராமல் விலக்கப்படும். மீதியைக் குழு கூடி விவாதித்து வரிசைப்படுத்தும். இறுதி முடிவு நிறுவன இயக்குநருடையது.

அந்த நிறுவனத்தைச் சேர்ந்த நீல் ரீட் 11ஆம் சுற்றிலிருந்து 21ஆம் சுற்று வரையிலான முடிவுகளை முதன்மை ஆய்வாளரின் (முன்மொழிவுக்குத் தலைமை தாங்குபவரின்) பாலினப்படி பிரித்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார். பதினொரு சுற்றிலும் ஆண்களின் வெற்றி விகிதமே மேலே இருந்தது. 12ஆம், 18ஆம் சுற்றுகளில் இடைவெளி மிக அதிகம். ஆனால் எந்த ஒரு சுற்றைத் தனியாக எடுத்தாலும், தற்செயல் என்று சொல்லித் தள்ளிவிடக்கூடிய அளவுதான் அந்த வித்தியாசம்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன் நிறுவனத்தில் பாகுபாடு இல்லை என்று மனதார நம்பும் பலரும் நம்புவது ஓராண்டுக் கணக்கைப் பார்த்துத்தான். ஓராண்டுக் கணக்கில் உண்மையிலேயே எதுவும் தெரியாது. உண்மையில் பாகுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் ஆண்கள் முந்துவதற்கும் பெண்கள் முந்துவதற்கும் வாய்ப்பு ஏறத்தாழ சமம், காசு சுண்டுவதைப் போல. பதினொரு முறை சுண்டி பதினொரு முறையும் தலையே விழ வாய்ப்பு 2048இல் 1. ஒவ்வொரு ஆண்டும் தனித்தனியாகத் தற்செயல் என்று சொல்லலாம். பதினொன்றையும் சேர்த்து வைத்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது.

ரீட் இன்னொன்றும் செய்தார். 19, 20, 21ஆம் சுற்றுகளில் காரணங்களைத் தேடிப் பார்த்தார். முன்மொழிவு எந்த நாட்டுப் பகுதியிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இடைவெளி மாறவில்லை. குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தும் மாறவில்லை. இந்த இரண்டாவது முடிவு பலருக்குக் கசப்பான மருந்து. "குழுவில் இரண்டு பெண்களைச் சேர்த்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது" என்பது உலகெங்கும் கையாளப்படும் மலிவான தீர்வு. குழுவில் பெண்கள் இருக்க வேண்டியதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் இந்த இடைவெளியை அது தானாக மூடவில்லை. 2000க்குப் பிறகு முனைவர் பட்டம் பெற்றவர்களிடையே மட்டும் ஆண், பெண் விகிதங்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன.

அரைகுறை மறைப்பு

22ஆம் சுற்றிலிருந்து நிறுவனம் படிவத்தைப் படிப்படியாக மாற்றியது. முதலில் முதன்மை ஆய்வாளரின் பெயர் முகப்புப் பக்கத்திலிருந்து உள்ளே நகர்ந்தது. அடுத்து முதற்பெயர்கள் வெறும் முதலெழுத்துகளாயின. அதற்கும் அடுத்து, தலைவர் யார் என்று குறிக்காமல் மொத்தக் குழுவும் அகரவரிசையில் அடுக்கப்பட்டது. மதிப்பீட்டாளர்களுக்கு உள்ளார்ந்த சாய்வு, அதாவது தாமே அறியாமல் மனதில் இருக்கும் பாரபட்சம், பற்றிய அறிமுகமும் தரப்பட்டது.

இடைவெளி மறையவில்லை. காரணம் எளிது. ஒரு துணைத்துறையில் உலகம் முழுக்க இருப்பது சில நூறு பேர். குடும்பப்பெயரும் ஒரு முதலெழுத்தும் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் கூட்டு ஆய்வாளர் பட்டியலைப் பார்த்தால் எந்தக் கூடாரம் என்று புரிந்துவிடும். அகரவரிசைப் பட்டியல் ஒரு புதிர்போல ஆகி, யார் தலைவர் என்று ஊகிப்பதில் கவனம் போனது. மறைத்தும் மறைக்காமலும் வைத்த தகவல் கண்ணை இன்னும் அதிகமாக இழுக்கும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ஜான்சனின் ஆலோசனை இந்தக் கட்டத்தில் நாடப்பட்டது. அவர் பணியிடச் சாய்வுகளை ஆராய்பவர். குழுக் கூட்டங்கள் கவனிக்கப்பட்டபோது புலப்பட்டது: பேச்சு அறிவியலை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றித் திரும்பிக்கொண்டே இருந்தது. "இவர்கள் நல்ல குழு, முடித்துவிடுவார்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். முன்மொழிவில் இருந்த தொழில்நுட்ப ஓட்டை அத்தோடு மன்னிக்கப்படும். அறிமுகமில்லாத பெயருக்கு அதே ஓட்டை மன்னிக்கப்படாது. யாரும் யாரையும் வேண்டுமென்றே தள்ளவில்லை. தெரிந்தவருக்குத் தந்த சலுகை, தெரியாதவருக்கு அபராதமாக முடிந்தது.

26ஆம் சுற்று

2018இல் 26ஆம் சுற்றுக்கு முழு மறைப்பு வந்தது. எழுதுபவருக்கு மதிப்பீட்டாளர் யாரென்று தெரியாது. மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. (இதைக் "குருட்டு மதிப்பீடு" என்று சொல்லும் பழைய வழக்கத்தை வானியலாளர்கள் வேண்டுமென்றே கைவிட்டார்கள். பார்வையின்மையை அறியாமைக்கு உவமையாக்கிக்கொண்டே அனைவரையும் உள்ளடக்குவது பற்றிப் பேசுவது பொருந்தாது அல்லவா.) அந்தச் சுற்றின் தேர்வுக் குழுவுக்கு வானியற்பியலாளர் பிரியம்வதா நடராஜன் தலைமை தாங்கினார்.

முறையின் உறுப்புகள் நான்கு. நான்கும் சேர்ந்தால்தான் இது வேலைசெய்யும். ஒன்றைக் கழற்றினாலும் பழைய நிலை திரும்பிவிடும்.

முதலாவது, எழுதும் விதி. முன்மொழிவு உரையில் ஆய்வாளர் பெயர், நிறுவனப் பெயர் எதுவும் வரக்கூடாது. மேற்கோள்கள் பெயரும் ஆண்டுமாக இல்லாமல் எண்களாக வர வேண்டும். "முன்பு நாங்கள் காட்டியபடி [7]" என்று எழுதினால் 7ஆம் கட்டுரையைத் திறந்து பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். "[7] காட்டியபடி" என்று, பிறர் வேலையைச் சுட்டுவதுபோலவே தன் வேலையையும் சுட்ட வேண்டும். இன்னும் வெளியிடாத தரவோ மென்பொருளோ இருந்தால் "தனிப்பட்ட தொடர்பு வழியாகப் பெறப்பட்டது" என்று எழுதலாம்.

இந்த விதியில் இரண்டு திசையிலும் பிழை நேர்கிறது. சிலர் பழக்க தோஷத்தில் "எங்கள் குழு உருவாக்கிய நிரல்" என்று எழுதிவிடுவார்கள். வேறு சிலர் பயந்துபோய்த் தங்கள் பழைய கட்டுரைகளைச் சுட்டாமலேயே விட்டுவிடுவார்கள். அப்போது முன்மொழிவு துறையின் முக்கிய வேலைகளை அறியாதவர் எழுதியதுபோல் தெரியும், மதிப்பெண் குறையும். இரண்டாவது பிழை கண்ணுக்குப் படாது, ஆனால் அதுதான் கூடுதல் நட்டம். எழுதியதும் தன் பெயரைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு சக ஆய்வாளரிடம் கொடுத்து, "எந்தக் கட்டுரைகள் எழுதியவருடையவை என்று உன்னால் சொல்ல முடிகிறதா?" என்று கேட்பது நல்ல சோதனை. உரையைச் சுத்தம் செய்தாலும் பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு: கோப்பின் பெயர், பிடிஎஃப் கோப்பின் பண்புகள் பகுதியில் தானாகப் பதியும் ஆசிரியர் பெயர், படத்தின் மூலையில் இருக்கும் கூட்டமைப்பின் சின்னம், பழைய திட்டத்தின் அடையாள எண்.

இரண்டாவது, குழுவின் தகுதியைச் சொல்லும் தனிக் கோப்பு. யார் என்ன செய்தார்கள், இந்த வேலைக்குத் தேவையான திறன் யாரிடம் இருக்கிறது என்று சுருக்கமாக எழுதித் தனியே தர வேண்டும். வரிசைப்படுத்தும் வேலை முடியும்வரை மதிப்பீட்டாளர்கள் இதைப் பார்க்க முடியாது.

மூன்றாவது, கூட்ட அறையில் ஒரு நடுநிலைக் காவலர். இவர் மதிப்பீட்டாளர் அல்லர், மதிப்பெண் இடமாட்டார். பேச்சு ஆட்களை நோக்கித் திரும்பும்போது நிறுத்துவது மட்டுமே இவர் வேலை. "இதை யார் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே வெட்டிவிட இவருக்கு அதிகாரம் உண்டு. அதிகாரம் இல்லாமல் "கவனிப்பாளர்" என்று பெயருக்கு ஒருவரை மூலையில் உட்கார வைத்தால் பயனில்லை. மூத்த பேராசிரியரை இடைமறிக்க வேண்டியவர் அவரிடம் பரிந்துரைக் கடிதம் எதிர்பார்க்கும் நிலையில் இருந்தாலும் பயனில்லை.

நான்காவது, ஒருவழிக் கதவு. வரிசை இறுதியான பிறகு, தேர்வான முன்மொழிவுகளின் தகுதிக் கோப்புகள் மட்டும் திறக்கப்படும். குழுவுக்கு இந்த வேலையைச் செய்யும் திறன் தெளிவாகவே இல்லை என்றால் தகுந்த காரணத்துடன் அந்த முன்மொழிவைத் தகுதிநீக்கப் பரிந்துரைக்கலாம். மேலே ஏற்ற முடியாது, வரிசையை மாற்ற முடியாது. முறையின் உயிர்நாடி இந்த விதிதான் என்று சொல்லலாம். பெயரைப் பார்த்தபின் ஒரே ஒரு முன்மொழிவையாவது உயர்த்தலாம் என்று அனுமதித்தால், புகழுக்குத் தரும் சலுகை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். பிறகு முதல் மூன்று ஏற்பாடுகளும் வெறும் சடங்கு.

"அனுபவமில்லாதவர்களுக்கு அரிய தொலைநோக்கி நேரம் வீணாகப் போய்விடாதா?" என்பதுதான் எதிர்ப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான்; பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கடைசியில் திறக்கும் தகுதிக் கோப்பு. மற்றது, முன்மொழிவே. எந்தக் கருவி, எத்தனை வலம், எதிர்பார்க்கும் சமிக்ஞையின் அளவு, இரைச்சலை நீக்கும் வழி என்று செய்முறையைத் துல்லியமாக எழுதாதவர் பெயர் பெரிதாக இருந்தாலும் தப்ப முடியாது. முன்பு பெயர் சுமந்த பாரத்தை இப்போது செய்முறைப் பகுதி சுமக்கிறது. ஆகவே முன்மொழிவுப் படிவத்தில் அந்தப் பகுதிக்குப் போதிய பக்கங்கள் தர வேண்டும். பக்க வரம்பைக் குறைத்துவிட்டுப் பெயரையும் மறைத்தால் மதிப்பீட்டாளர் கையில் எதுவும் மிஞ்சாது.

நலன் முரண்பாட்டைக் கையாள்வது நிர்வாகத்தின் பொறுப்பு. பெயர்கள் அலுவலகத்துக்குத் தெரியும் என்பதால், எந்த மதிப்பீட்டாளருக்கு எந்த முன்மொழிவு போகக்கூடாது என்று முன்னதாகவே பிரித்துவிடலாம். அதையும் மீறி ஒருவர் தன் நேரடிப் போட்டியாளரின் வேலையை அடையாளம் கண்டுகொண்டால், குழுவில் அறிவிக்காமல் நிர்வாகத்திடம் தனியாகச் சொல்லி விலக வேண்டும்.

முடிவுகளும் அவற்றைப் படிக்கும் விதமும்

26ஆம் சுற்றில் வந்தவை 489 முன்மொழிவுகள். பெண்கள் தலைமையில் 138, அவற்றில் தேர்வானவை 12, அதாவது 8.7 விழுக்காடு. ஆண்கள் தலைமையில் 351, தேர்வானவை 28, 8.0 விழுக்காடு. "பெண்கள் முந்தினார்கள்" என்று செய்தி உலகெங்கும் போனது.

அப்படிக் கொண்டாடியது அவசரம். 12க்குப் பதில் 11 பெண்களும், 28க்குப் பதில் 29 ஆண்களும் தேர்வாகியிருந்தால் விகிதங்கள் 8.0, 8.3 என்று புரண்டிருக்கும். ஒரே ஒரு முன்மொழிவு இடம்மாறினால் தலைகீழாகும் முடிவு அது. பதினொரு சுற்றில் எந்த ஒன்றும் தனியாக எதையும் நிரூபிக்கவில்லை என்றால், இந்த ஒரு சுற்றும் தனியாக எதையும் நிரூபிக்காது. பிடித்த முடிவுக்கு ஒரு அளவுகோல், பிடிக்காத முடிவுக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ள முடியாது.

உறுதியான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. ஜான்சனும் ஜெசிகா கர்க்கும் 16 சுற்றுகளில் வந்த 15,545 விண்ணப்பங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். முழு மறைப்புக்கு முன்பு, ஆண் மதிப்பீட்டாளர்கள் பெண்கள் தலைமை தாங்கிய முன்மொழிவுகளுக்கு, ஆண்களுடையவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மோசமான மதிப்பெண் தந்திருக்கிறார்கள். மறைப்பு வந்தபின் அந்தச் சாய்வு குறைந்தது. தேர்வு, நிராகரிப்பு என்ற இரண்டே சொல்லைவிடத் தனித்தனி மதிப்பெண்களில் தகவல் அதிகம் என்பதால் இந்த வழி வலுவானது. ஆகவே எந்த நிறுவனமும் இறுதிப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் இட்ட மதிப்பெண்ணைச் சேமித்து வைக்க வேண்டும். இன்றைய பதிவு இல்லாமல் பத்து ஆண்டு கழித்து எந்த ஆய்வும் செய்ய முடியாது.

சிறிய நிறுவனங்களுக்கு ஒரு கணக்கு. ஆண்டுக்கு 60 பெண்கள், 140 ஆண்கள் விண்ணப்பிக்கிறார்கள் என்று வையுங்கள். உண்மை வெற்றி விகிதம் பெண்களுக்கு 20, ஆண்களுக்கு 23 விழுக்காடு. இந்த 3 புள்ளி இடைவெளியை வழக்கமான புள்ளியியல் நம்பகத்தோடு, அதாவது 5 விழுக்காட்டுப் பிழை வரம்பும் 80 விழுக்காட்டுக் கண்டறியும் திறனும் வைத்துப் பிடிக்க, ஏறக்குறைய 2,050 பெண் விண்ணப்பதாரர்கள் வேண்டும். சுமார் 34 ஆண்டு. "எங்கள் தரவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று அந்த நிறுவனம் அறிக்கை விட்டால், அதற்குப் பொருள் பாகுபாடு இல்லை என்பதல்ல. பார்க்கும் கண்ணாடிக்குச் சக்தி இல்லை என்பதே. சொந்தத் தரவு நிரூபிக்கும்வரை காத்திருப்பதைவிட, பிற இடங்களில் வேலைசெய்த முறையை எடுத்துக்கொண்டு, கணக்கை மட்டும் விடாமல் எழுதிவருவதே நடைமுறைக்கு ஒத்தது.

குழுவில் இருந்தவர்கள் கவனித்த மாற்றம் எண்ணில் அடங்காதது. விவாதத்தின் தொனியே மாறி, பேச்சு கேள்வியின் மேல் நின்றது: இந்த அவதானிப்பு செய்யத் தகுந்ததா, ஹபிளால் மட்டுமே முடிவதா? முதல்முறை தலைமை தாங்கும் ஆய்வாளர்கள் தேர்வாவதும் கூடியது. பெண்களுக்காகக் கொண்டுவந்த ஏற்பாட்டில், பெயர் தெரியாத எல்லோருக்கும் இடம் திறந்தது.

நாசா தன் மற்ற வானியற்பியல் அவதானிப்புத் திட்டங்களுக்கும் இதை விரிவாக்கியது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் சுற்றுக்கு வந்த 1,173 முன்மொழிவுகளும் இதே முறையில்தான் மதிப்பிடப்பட்டன. சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கியும் 2021இல் இதற்கு மாறியது.

கேள்வியை மாற்றினால் போதுமா?

பெயரை மறைக்காமலேயே இதே விளைவு தோன்றிய ஒரு நிகழ்வு கனடாவில் உண்டு. கனடிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனங்கள் 2014இல் நிதித் திட்டத்தை இரண்டாகப் பிரித்தன. ஒன்றில் மதிப்பீடு ஆராய்ச்சித் திட்டத்தின் மேல். மற்றொன்றில் முதன்மை ஆய்வாளரின் தரத்தின் மேல். 2011 முதல் 2016 வரையிலான 23,918 விண்ணப்பங்கள் ஆராயப்பட்டு 2019இல் முடிவு வெளியானது. வயதையும் துறையையும் கணக்கில் எடுத்தபின், திட்டத்தை மதிப்பிட்ட இடத்தில் பெண்கள் வெற்றி விகிதத்தில் 0.9 விழுக்காட்டுப் புள்ளி பின்தங்கினார்கள். ஆளை மதிப்பிட்ட இடத்தில் 4.0 புள்ளி. அதே நாடு, அதே நிறுவனம், அதே காலம். மதிப்பீட்டாளரிடம் வைத்த கேள்விதான் வேறு.

பெயர் மறைப்பை நடத்த ஆளோ பணமோ இல்லாத நிறுவனம் இதிலிருந்து தொடங்கலாம். மதிப்பெண் தாளில் "ஆய்வாளரின் தகுதி" என்ற பத்தியை எடுத்துவிட்டு, அதைக் கடைசியில் கேட்கும் "ஆம் / இல்லை" கேள்வியாக மாற்றுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

எட்டாத இடங்கள்

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் அனுபவம் இந்த முறையின் எல்லையைக் காட்டுகிறது. அங்கே கறுப்பின ஆய்வாளர்களின் விண்ணப்பங்கள் வெள்ளையர்களுடையவற்றைவிடக் குறைவாகவே நிதி பெறுகின்றன என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் 1,200 விண்ணப்பங்களை எடுத்து அடையாளத்தை நீக்கிச் சோதித்தார்கள். மதிப்பெண் இடைவெளி ஏறத்தாழப் பாதியானது. ஆனால் கறுப்பினத்தவரின் மதிப்பெண் ஏறவில்லை. வெள்ளையர்களின் மதிப்பெண்தான் இறங்கியது. புகழின் கூடுதல் மதிப்பு கழிந்தது, மீதி இடைவெளி அப்படியே நின்றது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த விண்ணப்பங்கள் மறைப்புக்காக எழுதப்பட்டவை அல்ல, எழுதியபின் பெயரை நீக்கியவை. எனவே ஒரு பகுதி மதிப்பீட்டாளர்கள் ஆளைச் சரியாக ஊகித்துவிட்டார்கள். எழுதும்போதே மறைப்பதற்கும், எழுதியபின் கறுப்பு மை பூசுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

மீதி இடைவெளியின் ஒரு பகுதிக்கு விடை 2019இல் வந்த வேறொரு ஆய்வில் இருக்கிறது. தலைப்புத் தேர்வு மட்டுமே நிதி இடைவெளியில் 20 விழுக்காட்டுக்கு மேல் விளக்குகிறது என்றது அது. சமூகம், மக்கள் நலம் சார்ந்த தலைப்புகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் எடுக்கிறார்கள். அந்தத் தலைப்புகளுக்கு யார் எழுதினாலும் நிதி குறைவு. எந்தக் கேள்வி "முக்கியமானது" என்று தீர்மானிக்கும் சாய்வைப் பெயர் மறைப்பால் தொடவே முடியாது. அதற்குத் தலைப்புவாரியாக வெற்றி விகிதத்தைக் கணக்கெடுத்து, ஒதுக்கீட்டுக் கொள்கையிலேயே கை வைக்க வேண்டும்.

மொழியும் மறைவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரின் நடை பெயர் இல்லாமலும் தெரியும். "எழுத்தின் தெளிவு" என்று தனி மதிப்பெண் வைத்தால் அது சில நாட்டவர் மட்டும் கட்டும் வரிபோல மாறிவிடும். மாற்றுத்திறனாளி ஆய்வாளருக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் திரைவாசிப்பானோடு ஒத்துழைக்காமல் போனாலும், குழந்தை பிறந்த ஆண்டில் கட்டுரை வராமல் போனாலும், இவை எவற்றுக்கும் தேர்வுக் குழு அறையில் தீர்வு கிடையாது. ஹபிள் ஆய்வுகளில் எண்ணப்பட்டது ஆண், பெண் என்ற ஒரே அச்சு. எண்ணாத அச்சுகளைப் பற்றி அந்தத் தரவு எதுவும் சொல்லாது.

26ஆம் சுற்றின் எண்களில் பலரும் கடந்துபோகும் ஒன்று உண்டு. 489இல் 138 என்பது 28 விழுக்காடு. பெண்கள் தலைமையில் வந்த முன்மொழிவுகளே அவ்வளவுதான். மறைப்பு, காவலர், ஒருவழிக் கதவு எல்லாம் சேர்ந்து பார்த்துக்கொள்வது வந்து சேர்ந்த 138ஐ. வராத முன்மொழிவுகள் எங்கே நின்றன என்று தெரிய, கணக்கைத் தேர்வு நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும்: முனைவர் பட்டம் முடித்தவர் எத்தனை பேர், விண்ணப்பிக்கத் தகுதியுள்ள பணியில் இருப்பவர் எத்தனை, கூட்டு ஆய்வாளராகப் பெயர் வந்தும் ஒருமுறைகூடத் தலைமை தாங்காதவர் எத்தனை. மூன்றாவது எண்ணை எடுக்கப் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. பழைய முன்மொழிவுகளின் குழுப் பட்டியல்களில் அது ஏற்கனவே இருக்கிறது.